ஒளிர்வதெல்லாம் புற்றல்ல!

(டிஸ்கி: இது மருத்துவ ஆலோசனை இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் தங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். அவரிடம் என்ன கேட்கலாம் என்பதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.)

“பெட் ஸ்கேன் எடுத்தாங்க... உடம்பு பூரா லைட் எரியுதாம்!”

இந்த ஒரு வாக்கியம் ஒரு குடும்பத்தை எப்படிப் புரட்டிப் போடும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரிப்போர்ட் வருகிறது. கூடவே ஒரு டிஸ்க், அல்லது மொபைலுக்கு ஒரு லிங்க். டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதுவரை யாரால் பொறுக்க முடியும்? வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த பையனோ பெண்ணோ படத்தைத் திறக்கிறார்கள். தலைக்குள் அடர்த்தியாக ஒரு கருப்பு. நெஞ்சின் இடது பக்கம் ஒரு கருப்பு வளையம். அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்கு இன்னொன்று. முடிந்தது. அன்று இரவு அந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை.

அந்த மூன்றும் என்ன தெரியுமா? மூளை, இதயம், சிறுநீர்ப்பை. மூன்றுமே நோய் இல்லை. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவரை அதே மெஷினில் படுக்க வைத்தாலும் இப்படித்தான் தெரியலாம்.

நியூக்ளியர் மெடிசின் ஸ்கேனில் நோயைக் கண்டுபிடிப்பது இரண்டாவது வேலை. இயல்பு எது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் முதல் வேலை. ஆனால் இன்றைக்கு நடப்பது என்ன? இயல்பைப் பற்றி நோயாளியிடம் யாரும் பேசுவதில்லை. ரிப்போர்ட்டில் அது அரை வரி. விளம்பரத்தில் அந்த அரை வரி கூடக் கிடையாது. “ஒளிர்ந்தால் நோய், ஒளிராவிட்டால் நிம்மதி” என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. இந்த நம்பிக்கை இரண்டு பக்கமும் தப்பு. அந்தத் தப்புக்கு விலை கொடுப்பவர் நோயாளி.

மெஸ் சாப்பாடும் ட்ரேசரும்

முதலில் இந்த ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஜார்ஜ் டி ஹெவெசி என்று ஒரு ஹங்கேரி நாட்டு வேதியியலாளர். 1911 வாக்கில் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் வேலை. தங்கியிருந்த வீட்டில் மீந்த சாப்பாட்டையே திரும்பத் திரும்பப் பரிமாறுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். (ஹாஸ்டல் மக்களுக்கு இந்த வலி புரியும்.) தட்டில் மீதம் வைத்த சாப்பாட்டில் துளி கதிரியக்கப் பொருளைக் கலந்து விட்டாராம். சில நாள் கழித்து மேசைக்கு வந்த உணவுக்குப் பக்கத்தில் கருவியை வைத்தால், அது காட்டிக் கொடுத்துவிட்டது! பிறகு இதே ஐடியாவை அறிவியலாக வளர்த்த அவருக்கு 1943-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ட்ரேசர் என்றால் இதுதான். உள்ளே போகும் பொருளில் ஒரு அடையாளம் வை. அது எங்கெல்லாம் போகிறது என்று வெளியிலிருந்து பார்.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். ட்ரேசர் நோயைத் தேடிப் போவதில்லை. உடம்பு அதை எங்கே எடுத்துப் போகிறதோ அங்கே போகிறது.

பெட் ஸ்கேனில் அதிகம் பயன்படுவது எஃப்.டி.ஜி. இது ஃப்ளோரின்-18 ஒட்டிய ஒரு வகைச் சர்க்கரை. மனிதருக்கு இதை முதலில் செலுத்திப் பார்த்தது 1976 ஆகஸ்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில். ஃப்ளோரின்-18-இன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம்தான். செல்லுக்குள் இந்தச் சர்க்கரை சாதாரண குளுக்கோஸ் மாதிரியே நுழையும். முதல் கட்டமாக ஒரு பாஸ்பேட் ஒட்டும். அதற்கு மேல் நகராது. அரசு அலுவலகத்தில் முதல் மேசையில் கையெழுத்து வாங்கி, இரண்டாவது மேசைக்குப் போகாமல் தேங்கிவிடும் ஃபைல் மாதிரி செல்லுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். எங்கே ஃபைல் அதிகம் குவிகிறதோ அந்த இடம் படத்தில் ஒளிரும். கருப்பு வெள்ளைப் படத்தில் கருப்பாக, கலர் படத்தில் ஆரஞ்சு மஞ்சளாக.

புற்றுச் செல்கள் பலவும் சர்க்கரையை அள்ளி விழுங்கும், உண்மை. ஆனால் சர்க்கரை சாப்பிடுவது புற்றுநோய் மட்டும்தானா?

ஆரோக்கியமான உடம்பு எங்கெல்லாம் ஒளிரும்?

மூளை: உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஓய்வாக இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே சாப்பிடுகிறது. ஒளிராமல் என்ன செய்யும்? இதில் இன்னொரு சங்கதி உண்டு. சுற்றிலும் இவ்வளவு வெளிச்சம் இருப்பதால் மூளைக்குப் பரவிய சின்னக் கட்டி இந்த ஸ்கேனில் ஒளிந்துகொள்ளலாம். அதனால்தான் மூளைக்கு எம்.ஆர்.ஐ. கேட்கிறார்கள்.

இதயம்: பட்டினியில் கொழுப்பை எரிக்கும், சாப்பிட்டபின் சர்க்கரையை எரிக்கும். அதனால் ஒரே ஆளுக்கு ஒரு நாள் பளிச்சென்று தெரியும், இன்னொரு நாள் காணாமலே போகும். இரண்டுமே நார்மல்.

சிறுநீரகம், சிறுநீர்ப்பை: சாதாரண குளுக்கோஸைச் சிறுநீரகம் திரும்ப இழுத்துக்கொள்ளும். எஃப்.டி.ஜி.யை அந்த அளவுக்கு இழுக்காது. ஆகவே அது சிறுநீரில் இறங்கும். சிறுநீர்க் குழாயில் நிற்கும் ஒரு சொட்டு கூட, பார்க்க நெறிக்கட்டி மாதிரியே இருக்கும்.

குடல்: ஆளுக்கு ஆள் மாறும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்குக் குடல் முழுக்க எரிவது மாதிரி தெரியலாம்.

தசை: முந்தின நாள் ஜிம்முக்குப் போனால் தெரியும். சாப்பிட்டுவிட்டு வந்தாலோ, இன்சுலின் போட்டுக்கொண்டு வந்தாலோ சர்க்கரை தசைக்குள் ஓடிவிடும், படமே கெட்டுவிடும். நாலு மணி நேரம், ஆறு மணி நேரம் பட்டினி இருக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

குரல்வளை: ஊசி போட்டபின் சுமார் ஒரு மணி நேரம் பேசாமல் உட்காரச் சொல்கிறார்களே, ஏன்? பேசினால் குரல் நாண்கள் வேலை செய்யும், ஒளிரும். சூயிங்கம் மென்றால் தாடைத் தசை ஒளிரும்.

இந்தக் குரல் நாணிலேயே பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு ஒரு பக்கக் குரல் நாண் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. “அந்தப் பக்கம்தான் கோளாறு” என்று யாருமே சொல்வார்கள். பல நேரம் உண்மை தலைகீழ். கோளாறு மறுபக்கம். அந்தப் பக்கத்து நாண் செயலிழந்து கிடக்கிறது, அதன் வேலையையும் சேர்த்துச் செய்வதால் நல்ல நாண் ஒளிர்கிறது. நெஞ்சுக்குள் இருக்கும் கட்டி அந்த நாணுக்குப் போகும் நரம்பை அழுத்துவதால்கூட இப்படி ஆகலாம். வெளிச்சம் இருக்கும் பக்கம் ஆரோக்கியம், இருட்டாக இருக்கும் பக்கம் நோய்! இயல்பு தெரியாதவர் இந்தப் படத்தைப் பார்த்தால் நல்ல நாணைக் குத்தச் சொல்வார்.

2021-இல் உலகமே கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டபோது என்ன நடந்தது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். ஊசி போட்ட கைப்பக்கம் அக்குளில் நெறிக்கட்டிகள் ஒளிர ஆரம்பித்தன. மார்பகப் புற்று இருந்தவர்களுக்கு “பரவிவிட்டதோ” என்று திகில். விஷயம் வேறு ஒன்றுமில்லை, எதிர்ப்பு சக்தி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. எந்தக் கையில், எந்தத் தேதியில் ஊசி போட்டீர்கள் என்று ஸ்கேனுக்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்வது அதன்பிறகு பல இடங்களில் வழக்கமானது. ஒரு சின்னக் கேள்வி. ஒரு பயாப்ஸியையே அது தவிர்க்கும்.

ஐப்பசி மாதமும் ஆடிட்டரும்

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு ஜவுளிக்கடையின் கணக்கை ஆடிட் செய்ய, தீபாவளி என்றால் என்னவென்றே தெரியாத ஒருவரை அனுப்புங்கள். ஐப்பசியில் விற்பனை எகிறியிருப்பதைப் பார்த்துவிட்டு “மோசடி!” என்று சிவப்பு மையில் வட்டம் போடுவார். அவருக்குக் கணக்கு தெரியும். அந்த வியாபாரத்தின் இயல்புதான் தெரியாது.

இதைவிட மோசம், மறுபக்கத் தப்பு. அமெரிக்காவின் பெர்னார்ட் மேடாஃப் ஞாபகம் இருக்கிறதா? சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அவரிடம் போட்ட பணத்துக்கு வருடா வருடம் ஒரே சீரான லாபம். சந்தை என்றால் ஏற்ற இறக்கம் இருக்கும் என்ற இயல்பு தெரிந்தவர்கள் அந்தச் சீரைப் பார்த்துத்தான் சந்தேகப்பட்டார்கள். 2008-இல் குட்டு உடைந்தது. ஸ்கேனிலும் ஒரு மேடாஃப் இருக்கிறார்.

எலும்பு ஸ்கேன் கேள்விப்பட்டிருப்பீர்கள். டெக்னீஷியம்-99எம் கலந்த எம்.டி.பி. என்ற மருந்தை ஊசியில் போட்டு, சுமார் மூன்று மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். எலும்பு எங்கே புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கே மருந்து சேரும். வளரும் பிள்ளைகளுக்கு மூட்டு ஓரங்களில் வளர்ச்சித் தட்டு பளீரென்று தெரியும். அது வளர்ச்சி, நோயில்லை. பைக்கில் விழுந்தவருக்கு அடுத்தடுத்த விலா எலும்புகளில் ஒரே நேர்கோட்டில் புள்ளிகள் தெரியும், கோலம் போடப் புள்ளி வைத்த மாதிரி. அது பெரும்பாலும் அடிபட்டதன் தடம். அதே விலா எலும்பின் நீளவாக்கில் இழுத்து ஒளிர்ந்தால்தான் கவலை அதிகம். எலும்பில் சேராத மீதி மருந்து சிறுநீரகம் வழியாக வெளியே போகும். ஆகவே நார்மலான எலும்பு ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் லேசாகத் தெரிய வேண்டும்.

இப்போது ஒரு படத்தைக் கற்பனை செய்யுங்கள். எலும்பெல்லாம் தெளிவாக, ஒரே சீராக, இடம் வலம் சமமாகத் தெரிகிறது. தனிப் புள்ளி ஒன்றுகூட இல்லை. “சூப்பரா இருக்கே!” என்று தோன்றும். ஆனால் சிறுநீரகங்களைக் காணோம்.

இதற்குப் பெயர் சூப்பர்ஸ்கேன். புற்று எல்லா எலும்புக்கும் பரவி, மருந்து முழுவதையும் எலும்பே குடித்துவிட்டதால் சிறுநீரகத்துக்கு மிச்சமில்லை. (சில ஹார்மோன் கோளாறுகளிலும் இப்படி வரலாம்.) புள்ளியைத் தேடுகிறவர் கண்ணுக்கு இந்தப் படத்தில் எதுவும் தெரியாது. இருக்க வேண்டியது இல்லையே என்று கவனிப்பவர்தான் பிடிப்பார். இயல்பு தெரியாவிட்டால் இல்லாத நோயைக் கட்டிவிடுவது மட்டும் நடப்பதில்லை. இருக்கிற நோயையும் கோட்டை விடுவார்கள்.

கல்லூரிப் பையனின் நெஞ்சில் ஒரு நிழல்

இதெல்லாம் வயசானவர்கள் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நெறிக்கட்டிப் புற்று பதினைந்து வயதிலிருந்து முப்பதுகள் வரை உள்ளவர்களை அதிகம் தாக்கும் ஒன்று. நல்ல செய்தி, பெரும்பாலோர் குணமாகிறார்கள். அது அடிக்கடி வரும் இடம் நெஞ்சுக்கூட்டின் நடுப்பகுதி.

அதே நடுப்பகுதியில்தான் தைமஸ் சுரப்பி இருக்கிறது. சின்ன வயதில் பெரிதாக இருந்து வயது ஏற ஏறச் சுருங்கும். கீமோதெரபி கொடுக்கும்போது அது இன்னும் சுருங்கும். கீமோ முடிந்து சில மாதங்களில் இளைஞர்களுக்கு மறுபடி எழுந்து நிற்கும். எழும்போது சர்க்கரையை இழுக்கும், ஒளிரும். முன்பு புற்று இருந்த அதே இடம்!

யோசித்துப் பாருங்கள். இருபது வயதுப் பையன். ஆறு மாதம் கீமோ முடித்து, முடி முளைத்து, காலேஜுக்குத் திரும்பியாயிற்று. ஃபாலோஅப் ஸ்கேனில் நெஞ்சு நடுவில் ஒளிர்கிறது. “திரும்ப வந்திருச்சு” என்று படித்தால்? இன்னும் கடுமையான கீமோ, ஸ்டெம் செல் மாற்று என்று பேச்சு போகும். “தைமஸ் திரும்ப எழுகிறது” என்று படித்தால்? சில வாரம் பொறுத்து மறுபடி பார்த்தால் போதும். படம் ஒன்றுதான். தைமஸின் முக்கோண வடிவம், அளவான ஒளி, பையனின் வயது, கீமோ முடிந்த தேதி - இவை தெரிந்தவர் கண்ணில் படுவதா, தெரியாதவர் கண்ணில் படுவதா என்பதில் அவனுடைய அடுத்த இரண்டு வருடம் இருக்கிறது.

ரத்த அணுக்களை ஏற்றப் போடும் ஜி.சி.எஸ்.எஃப். ஊசியும் இப்படித்தான். அதைப் போட்ட கொஞ்ச நாளில் ஸ்கேன் எடுத்தால் முதுகெலும்பு முழுக்க ஒளிரும். எலும்பு மஜ்ஜை மும்முரமாக வேலை பார்க்கிறது, அவ்வளவுதான். ஊசி போட்ட தேதியை ஸ்கேன் சென்டரில் சொல்லாவிட்டால் அது வேறு கதையாகப் படிக்கப்படலாம்.

இயல்பே ஒரு கண்டுபிடிப்பு

“நார்மல்தானே, அதில் படிக்க என்ன இருக்கிறது?” என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதை.

பெட் ஸ்கேன் பரவிய காலத்தில் சிலருக்குக் கழுத்தின் இரு பக்கமும், காறை எலும்புக்கு மேலேயும் ஒளி தெரிந்தது. பயத்தில் கழுத்துத் தசை இறுகியிருக்கும் என்றார்கள். தசை தளரட்டும் என்று டயஸிபம் மாத்திரை கொடுத்தும் பார்த்தார்கள். 2000-ஐ ஒட்டி பெட்டும் சி.டி.யும் ஒரே மெஷினில் இணைந்தன. ஒளிரும் இடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று படத்தின் மேல் படம் வைத்துப் பார்க்க முடிந்தது. அங்கே தசையே இல்லை! கொழுப்பு! சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு 2002-இலும், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2003-இலும் இதை எழுதின. அது பழுப்புக் கொழுப்பு. குளிரில் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து உடம்புக்குச் சூடு கொடுப்பது. கைக்குழந்தைகளுக்குத்தான் அது முக்கியம், பெரியவர்களுக்கு அநேகமாக இருக்காது என்று அதுவரை நினைத்திருந்தார்கள்.

2009-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரே நேரத்தில் மூன்று கட்டுரைகள் வந்தன: பாஸ்டன், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட், ஃபின்லாந்தின் துர்க்கு. பெரியவர்களுக்கும் வேலை செய்யும் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது என்று நிரூபித்தன. பாஸ்டன் குழு இதற்காகப் புரட்டியது 1972 நோயாளிகளின் 3640 ஸ்கேன்களை. வேறு காரணங்களுக்காக எடுத்து முடித்த படங்கள் அவை. உடல் பருமன், சர்க்கரை நோய் ஆராய்ச்சியில் ஒரு புதுக் கதவே திறந்தது.

இன்றைக்கு நல்ல சென்டர்களில் ஊசி போட்டதும் போர்வை கொடுத்து வெதுவெதுப்பாக உட்கார வைக்கிறார்கள். குளிரில் நடுங்கினால் பழுப்புக் கொழுப்பு எரியும், படம் குழம்பும். அந்தப் போர்வைக்குப் பின்னால் இத்தனை வருட அறிவியல் இருக்கிறது. ஏ.சி.யைக் குறைக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் சென்டர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

பெயரை நம்பாதே, எண்ணையும் நம்பாதே

பி.எஸ்.எம்.ஏ. பெட் என்று ஒரு ஸ்கேன். இந்த எழுத்துகளின் விரிவிலேயே ‘புராஸ்டேட்டுக்கே உரியது’ என்ற பொருள் இருக்கிறது. படத்தைப் பார்த்தால் கண்ணீர்ச் சுரப்பி, உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீரகம், சிறுகுடல் எல்லாம் ஜெகஜ்ஜோதி! வயிற்றுக்குள் இருக்கும் சில நரம்பு முடிச்சுகளும் லேசாக ஒளிர்ந்து, பரவிய நெறிக்கட்டி மாதிரி வேஷம் போடும். அயோடின் ஸ்கேனில் தைராய்டு மட்டுமா தெரிகிறது? உமிழ்நீர், இரைப்பை, குடல், சிறுநீர்ப்பை எல்லாம் தெரியும். சட்டையில் துடைத்த எச்சில்கூட ஒரு ‘கட்டி’யாகத் தெரிந்துவிடும். ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி இயல்பு. ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றைப் படிக்க முடியாது.

அடுத்தது எஸ்.யு.வி. காரைச் சொல்லவில்லை :-) ஒரு இடம் எவ்வளவு மருந்தை இழுத்தது என்று சொல்லும் எண் அது. “2.5-க்கு மேல் போனால் புற்று” என்று ஒரு வாய்ப்பாடு ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. ஆரோக்கியமான ஈரலே பலருக்கு 2.5-ஐ ஒட்டித்தான் நிற்கும். மூளை அதைப் போலச் சில மடங்கு. உடல் எடை, ரத்தச் சர்க்கரை, ஊசிக்கும் படத்துக்கும் இடையிலான நேரம், மெஷின் எல்லாவற்றையும் பொறுத்து இந்த எண் மாறும். காசநோயும் இதைத் தாண்டி ஒளிரும். உலகக் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவர் இருக்கும் இந்தியாவில் “எண் அதிகம், ஆகவே புற்று” என்பது எவ்வளவு பெரிய அபத்தம்! அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பதறுகிறவர்கள் காசநோய்க்கு மருந்து இருக்கிறது என்பதையும் மறக்கிறார்கள்.

லிம்ஃபோமாவில் பயன்படும் டோவில் அளவுகோல் இதற்கு நேர் எதிர். பிரான்ஸின் டோவில் நகரில் 2009-இல் நடந்த கூட்டத்தில் உருவானது, ஐந்து படி. அது நோயை வெறும் எண்ணோடு ஒப்பிடுவதில்லை. அதே நோயாளியின் நெஞ்சு ரத்தக் குழாய் எவ்வளவு ஒளிர்கிறது, அதே நோயாளியின் ஈரல் எவ்வளவு ஒளிர்கிறது, அதைவிட இந்தக் கட்டி அதிகமா குறைவா என்று கேட்கிறது. அளவுகோலே நோயாளியின் நார்மல்தான். நார்மல் தெரியாதவருக்கு ஸ்கேலே கையில் இல்லை என்று அர்த்தம்.

கம்ப்யூட்டர்கூட இந்தப் பாடத்தைத்தான் படிக்கிறது. பெட் படத்தில் கட்டியைத் தானாகக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களுக்காக 2022-இல் ஆட்டோபெட் என்று ஒரு போட்டி நடந்தது. பயிற்சிக்குக் கொடுத்த 1014 ஸ்கேன்களில் 513-இல் ஒளிரும் புற்றுக்கட்டியே கிடையாது. பாதிக்கு மேல் ‘ஒன்றுமில்லாத’ படங்கள்! மெஷினுக்கே இயல்பைக் காட்டிக் காட்டித்தான் பழக்க வேண்டியிருக்கிறது. மனிதர்களுக்கு மட்டும் வேண்டாமா?

ஆரோக்கியமானவருக்கு எதற்கு இந்தக் கடை?

இப்போது வியாபாரத்துக்கு வரலாம். “முழு உடல் பெட் ஸ்கேன், புற்றை முளையிலேயே கண்டுபிடியுங்கள்” என்று எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடம் விற்கிறார்கள். அமெரிக்காவின் அணு மருத்துவ சங்கமே 2013-இல் ஆரோக்கியமானவர்களுக்குப் புற்று தேட பெட்-சி.டி. எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. ஏன் என்று தெரிய காமர்ஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் போதும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஆயிரம் பேர். அதில் 10 பேருக்குப் புற்று என்று வைப்போம். ஸ்கேன் நூற்றுக்கு 90 முறை சரியாகச் சொல்கிறது, இரண்டு பக்கமும். 10 பேரில் 9 பேரைப் பிடிக்கும். மீதி 990 ஆரோக்கியமானவர்களில் 99 பேரையும் பிடிக்கும்! “உனக்கு ஏதோ இருக்கிறது” என்று 108 பேரிடம் சொல்லியாயிற்று. அதில் 99 பேருக்கு ஒன்றுமே இல்லை. அந்த 99 பேரும் அடுத்து என்ன செய்வார்கள்? இன்னொரு ஸ்கேன், எண்டோஸ்கோபி, ஊசி பயாப்ஸி. ஒவ்வொன்றுக்கும் பில். இயல்பான ஒளி தெரிந்தவர் படித்தால் இந்த 99 குறையும், ஆனால் பூஜ்யம் ஆகாது.

கதிர்வீச்சு வேறு. 370 மெகாபெக்கரல் எஃப்.டி.ஜி. போட்டால் சுமார் 7 மில்லிசீவர்ட். அதற்கு மேல் சி.டி.யின் பங்கு. உலகச் சராசரி மனிதருக்கு இயற்கையிலிருந்து ஒரு வருடத்துக்குக் கிடைப்பதே சுமார் 2.4 தான். நோய் இருப்பவருக்கு இது நியாயமான விலை. கிடைக்கும் தகவல் அதற்கு ஈடு. நோயில்லாதவருக்கு?

“ஆயிரம் பேரைப் பயமுறுத்தினாலும் ஒருத்தரைக் காப்பாத்தினா போதாதா?” என்று கேட்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நுரையீரலில் ஊசி குத்தினால் சில சமயம் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கும். அது பயமுறுத்தல் இல்லை, காயம். தவிர, புராஸ்டேட் புற்று பலவும், மெதுவாக வளரும் வேறு சில புற்றுகளும் எஃப்.டி.ஜி.யில் சரியாக ஒளிரவே ஒளிராது. “க்ளீன்” என்று சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு போகிறவர், அடுத்த மாதம் உடம்பு காட்டும் அறிகுறியை அலட்சியம் செய்தால் யார் பொறுப்பு?

“இதெல்லாம் டாக்டர் பார்த்துக்குவார், நோயாளிக்கு எதுக்கு?” என்பது இன்னொரு வாதம். படத்தைப் படிப்பது நிச்சயம் டாக்டர் வேலைதான். அதற்கென்றே வருடக்கணக்கில் படித்த அணு மருத்துவர்கள் இருக்கிறார்கள். யாரும் அவர்கள் நாற்காலியைக் கேட்கவில்லை. ஆனால் ரிப்போர்ட் நோயாளி கைக்கு வருகிறதே? வந்தபின் அவர் படிக்காமல் இருப்பாரா? தடுப்பூசி, சளி, கீழே விழுந்தது, மெட்ஃபார்மின், கீமோ முடிந்த தேதி இதெல்லாம் நோயாளிக்குத்தானே தெரியும்? ஏன் கேட்கிறார்கள் என்று புரிந்தால்தானே மறைக்காமல், மறக்காமல் சொல்வார்?

செய்ய வேண்டியது கொஞ்சம்தான்

1. ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும், நோயாளியின் மொழியில் இரண்டு வரி: “மூளை, இதயம், சிறுநீரகம், சிறுநீர்ப்பை, குடல் ஆகியவற்றில் தெரியும் ஒளி இயல்பானது. கவலைக்குரிய இடங்கள் கீழே தனியாகக் குறிப்பிடப்பட்டுள்ளன.” இதற்கு எவ்வளவு மை செலவாகிவிடும்?

2. “சாப்பிடாதே, பேசாதே, குளிரில் உட்காராதே” என்று உத்தரவு மட்டும் போடாமல், ஏன் என்று ஒரு நிமிடம் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர் ஒழுங்காகக் கேட்பார்.

3. நோயில்லாதவர்களுக்கு பெட் பேக்கேஜ் விற்பதை நிறுத்துங்கள்.

4. மருத்துவ மாணவர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் விசித்திரமான கேஸ்களைக் காட்டும் முன்பு, நூறு நார்மல் ஸ்கேன்களைக் காட்டுங்கள். கள்ள நோட்டைப் பிடிக்கும் கேஷியர் கள்ள நோட்டை எண்ணிப் பழகியவர் இல்லை. நாள் முழுக்க நல்ல நோட்டை எண்ணியவர்.

ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “இதில் எதெல்லாம் நார்மல், டாக்டர்?”

நல்ல டாக்டர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். படத்தைத் திருப்பி வைத்து, ஒவ்வொன்றாகக் காட்டுவார்.